ஒக்காந்தா தெரியாது, நடந்தா தெரியும்

கண்ணு பாக்குற தொழில்ல இருக்கவன் மொத நாளே ஒண்ணு கத்துக்குவான்: யாரும் தன் கண்ணு சரியில்லன்னு சொல்ல மாட்டாங்க, எழுத்து சரியில்லன்னுதான் சொல்லுவாங்க.

நான் இலங்கை மலைநாட்டுல, ஹட்டன்ல ஒரு கண்ணாடிக் கடையில பன்னெண்டு வருசமா வேல பாக்குறேன். டாக்டர் இல்ல. எழுத்து அட்டைய சொவத்துல தொங்கவிட்டு, "இது என்ன? அடுத்தது என்ன?"ன்னு கேக்குறவன். மாசத்துல நாலஞ்சு நாள் வேன்ல தேயிலத் தோட்டம் தோட்டமா போயும் கேப்பேன். நீங்களும் அந்த ஸ்டூல்ல ஒக்காந்து, ஒரு கண்ண கையால பொத்திக்கிட்டு, வெரல் சந்துல பாத்து எழுத்த சொன்னவங்கதான். மறைக்காதீங்க, எனக்குத் தெரியும். உங்க அவஸ்த உங்களுக்கு, என் அவஸ்த எனக்கு.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வேற. யாரு பேசினாலும் அதே கொரல்ல திருப்பிப் பேசிப் பாப்பேன். முதலாளி, கங்காணி, தொரை, யாரையும் விட்டதில்ல. ஆனா இந்த வருசம் நடந்தத சொல்லும்போது என் சொந்தக் கொரலே எனக்கு வரல. அவ்வளவு அதிர்ச்சி.

சிவப்புக் குண்டூசி

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துல, கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த ஒரு பொம்பள தண்ணி போற கான்ல விழுந்து கால ஒடச்சுக்கிட்டாங்க. பக்கத்துல கான் இருந்ததே தெரியலயாம். தோட்டத்து அதிகாரி சின்ன தொரை ஒடனே உத்தரவு போட்டுட்டாரு. அம்பது வயசு தாண்டுன எல்லாருக்கும் ஓரத்துல இருக்கது தெரியுதான்னு பாக்கணும், தெரியாதவங்க செங்குத்து மலைக்குப் போகக் கூடாது. பாக்க வந்தவன் நான்.

வேல சுலபம். வெள்ளப் பலகையில நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி. ஆள ஒக்கார வச்சு, "புள்ளிய மட்டும் பாருங்க"ன்னு சொல்லிட்டு, ஓரத்துலருந்து ஒரு சிவப்புக் குண்டூசிய மெதுவா கொண்டு வருவேன். ஊசி தெரிஞ்சதும் சொல்லணும். எல்லாரும் சொன்னாங்க. செவனம்மா அக்கா மட்டும் சொல்லல. அம்பத்தேழு வயசு, அந்தத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறதுல மொத ஆளு. அவங்க அந்தப் புள்ளிய மொறச்ச மொறப்புல புள்ளியே எந்திரிச்சு ஓடியிருக்கும். வலது பக்கம் ஊசிய கொண்டு வந்தேன், சத்தமில்ல. இடது பக்கம், சத்தமில்ல. ஊசி புள்ளிகிட்டயே வந்து இடிச்சப்பதான், "ஆ, இப்ப தெரியுதுங்க"ன்னாங்க. மூணு தரம் பாத்தேன், மூணு தரமும் இதே கததான். இந்தக் கண்ண வச்சுக்கிட்டு இத்தன வருசமா எப்பிடி உசுரோட எறங்கி வந்தாங்க?

"பக்கப் பார்வை கொறவு"ன்னு சீட்டு எழுதிக் குடுத்தேன். சின்ன தொரை வாங்கிப் பாத்துட்டு, "அடுத்த மாசத்துலருந்து புள்ளக்காம்பரா வேல"ன்னுட்டாரு. மலைக்குப் போற தாய்மாருங்க கொழந்தைங்கள விட்டுட்டுப் போற எடந்தான் புள்ளக்காம்பரா. மழ இல்ல, அட்டக்கடி இல்ல, தொட்டில் ஆட்டுனா போதும். ஒரு புண்ணியம் பண்ணிட்டோம்னு நானும் சிரிச்சேன். செவனம்மா அக்கா சிரிக்கல. சீட்ட நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு கேட்டாங்க:

"அங்க ஆயாவா இருக்கது யாருன்னு தெரியுமா தம்பி? என் மருமவ."

குளவி

அன்னிக்கு வேன் மேல ஏறல. ரோட்டுல நின்னுருச்சு. நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு குறுக்குப் பாதையில எறங்குனேன். முன்னால செவனம்மா அக்கா, லயத்து வீட்டுக்குப் போறாங்க. முதுகுல கூட, கூடைக் கயிறு நெத்திக்கு மேல, தல முன்னால குனிஞ்சிருக்கு. நான் பின்னாலயே, "மருமவளா இருந்தா என்னக்கா, மக மாதிரிதானே"ன்னு என்னென்னமோ சமாதானம் சொல்லிக்கிட்டே போறேன். அவங்க திரும்பவே இல்ல.

திடீர்னு, தல அசையாம, நடையும் நிக்காம, "தம்பி, ஒங்க வலது பக்கம் மூணாவது செடிக்கு அடியில குளவிக் கூடு. பேசாம வாங்க"ன்னாங்க. நான் பாத்தேன். எல. இன்னும் எல. அப்பறம் அந்த எலைக்கு நடுவுல பான அளவுக்கு ஒண்ணு, அதுமேல ஊந்துக்கிட்டு ஒரு கூட்டம். தோட்டத்துல இருக்கவங்களுக்குத் தெரியும், குளவி கலஞ்சா ஆளு மிஞ்சுறது சந்தேகம். என் பேச்சு, மூச்சு, சமாதானம் எல்லாம் அதோட நின்னுச்சு. பத்தடி தள்ளிப் போய்தான் மூச்சு விட்டேன். விட்டதும் இன்னொரு அதிர்ச்சி பின்னாலயே வந்துச்சு. ஒரு முழத்துல இருந்த குண்டூசி தெரியாத கண்ணுக்கு, எலைக்குள்ள இருந்த குளவி எப்பிடித் தெரிஞ்சுச்சு?

அவங்ககிட்டயே கேட்டேன். ஏதோ தெரியாத புள்ளைக்குச் சொல்ற மாதிரி பதில் வந்துச்சு:

"நீங்க ஒக்காந்து பாக்கச் சொன்னீங்க. நடந்து பாக்கச் சொல்லலயே?"

கதிரை போன கத

எனக்குத் தூக்கம் போச்சு. அக்காவ ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். பெரிய டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டு, கண்ணுக்குள்ள ஒரு கோளாறும் இல்லன்னு எழுதிட்டாரு. அந்தக் காகிதத்த கொண்டுபோய் சின்ன தொரைகிட்ட குடுத்தா, அவரு என் சீட்ட எடுத்து அதுக்குப் பக்கத்துல வைக்கிறாரு. "கோளாறு இல்ல, சரி. அப்ப ஊசி ஏன் தெரியல?" நியாயமான கேள்வி. மாசம் முடிய மூணு வாரந்தான் இருந்துச்சு.

அந்த வாரந்தான் கடைக்கு ஒரு மேடம் வந்தாங்க. சிங்களவங்க, யுனிவர்சிட்டியில மூளையப் பத்திப் படிக்கிறவங்க. தமிழ் கொஞ்சம் பேசுவாங்க, ஒவ்வொரு சொல்லையும் கழுவித் தொடச்சு வைக்கிற மாதிரி. "எனக்கு ஒரு பழைய ப்ரேம் வேணும். ரெண்டு ஓரத்துலயும் சின்ன சின்ன லைட் ஒட்டணும்." எதுக்குன்னு கேட்டேன். ஆளு நடக்கும்போது மூள எப்பிடி வேல செய்யுது, கண்ணு பாக்குறது எப்பிடி மாறுதுன்னு பாக்கப் போறாங்களாம். நான் கையில இருந்த ப்ரேம கீழ போட்டுட்டேன். நடந்தா பாக்குறது மாறுமா? செவனம்மா அக்கா சொன்னத இந்தம்மா யுனிவர்சிட்டியிலயா படிச்சிருக்காங்க?

மொத ஆளா நானே தலையக் குடுத்தேன். வயரு வச்ச தொப்பி, முடியெல்லாம் கோந்து மாதிரி ஒரு பச, முதுகுல பையில ஒரு மெஷின். கடையில என் கதிரையில ஒக்கார வச்சாங்க. மேடம் கையில இருந்த திரையில, என் பின்தலயிலருந்து அல அலையா வருது, குளத்துல வர்ற அல மாதிரி, சோம்பேறித்தனமா. "இப்ப நடங்க"ன்னாங்க. நாலு எட்டு வச்சதும் அந்த அல படுத்துருச்சு. "மேடம், செத்துட்டேனா?"ன்னு கத்திட்டேன். நெசமாவே பயந்துட்டேன். மேடம் சிரிச்சுட்டு சொன்னாங்க. அது ஓய்வுல இருக்க மூளையோட அலையாம். நடக்க ஆரம்பிச்சா அது அடங்கிரும், பாக்குற எடம் சுறுசுறுப்பாகிரும், ஓரத்துல நடக்குறதையும் கவனிக்க ஆரம்பிக்கும். பின்தலதான் பாக்குற எடமாம், அதுவும் எனக்குப் புது விசயம். இது எல்லாத்தையும் எங்க கட முதலாளி ஹாஜியார், மூக்குக் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திவிட்டுக்கிட்டு, வாயத் தொறக்காம கேட்டுக்கிட்டு இருந்தாரு. கடைசியில தொறந்தாரு:

"ஒக்காந்தா இவனுக்கு மூள தூங்குது, நடந்தா முழிக்குது. அப்ப நாளையிலருந்து ஒனக்குக் கதிரை இல்லப்பா."

தோள்பை

நடக்குறவங்க வேணும்னு மேடம் சொன்னதும், அந்தத் தோட்டத்துக்கே கூட்டிக்கிட்டுப் போனேன். ஆமாங்க, எனக்குள்ள ஒரு கணக்கு இருந்துச்சு. காலையில எல்லாரும் பேர் குடுக்குற பெரட்டுக் களத்துல, செவனம்மா அக்காவோட சேத்து ஏழு பொம்பளைங்க. ஒவ்வொருத்தர் தலையிலயும் தொப்பி மாட்டி, பச வச்சு, வயரு சரிபாக்கவே ரெண்டு மணித்தியாலம். "இந்தப் பைய மாட்டிக்கிட்டு அந்தக் கொடிக்கம்பம் வரைக்கும் நடந்துட்டு வாங்கம்மா"ன்னு சொல்லிட்டு, மேடம் திரைய பாக்கத் திரும்புனாங்க.

திரும்புன அடுத்த நிமிசம் திரையில பூமி அதிர்ச்சி. கோடெல்லாம் மேல கீழ பாயுது. "ஐயோ, என்ன ஆச்சு?"ன்னு மேடம் சிங்களத்துல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு, பொதுவா ஒண்ணுன்னு மூணு தரம் கத்துனாங்க. நான் திரும்பிப் பாத்தா, மொதல்ல நடந்தவங்க பைய முதுகுலதான் போட்டிருக்காங்க. பட்டிய மட்டும் தோள்ல மாட்டல. ரெண்டு பட்டியையும் சேத்துப் பிடிச்சு, தலையில மாட்டி, கூட மாதிரி பின்னால தொங்க விட்டிருக்காங்க. பட்டிக்கு அடியில தொப்பி, தொப்பிக்கு அடியில வயரு, வயருக்கு அடியில பச, பச வழிஞ்சு புருவத்துல. பத்தாததுக்கு ரெண்டு கையும் தானா ரெண்டு பக்கமும் கொழுந்து கிள்ளிக்கிட்டுப் போகுது. சிமெந்துக் களத்துல!

அடுத்தவங்களுக்கு நானே பைய தோள்ல மாட்டிக் காட்டுனேன். பாத்தாங்க, தலையாட்டுனாங்க, வாங்கித் தலையில மாட்டுனாங்க. ஏழு பேரும்! மேடம் அப்பிடியே படிக்கட்டுல ஒக்காந்துட்டாங்க. "தோள்ல போட ஏன் விருப்பம் இல்ல?"ன்னு கேட்டாங்க. கூட்டத்துல ஒரு அம்மா, வழிஞ்ச பசைய முந்தானையில தொடச்சுக்கிட்டே சொன்னாங்க:

"தோள்ல பை மாட்டிக்கிட்டுப் போக நாங்க என்ன இஸ்கோல் புள்ளைங்களா மேடம்?"

எட்டாம் நம்பர் மலை

மாசக் கடைசி. நான் கெஞ்சுன கெஞ்சல்ல சின்ன தொரை ஒரே ஒரு தரம் சம்மதிச்சாரு. "மேடம் முன்னால, என் முன்னால, செவனம்மாவுக்கு ஓரம் தெரியுதுன்னு காட்டு. காட்டுனா மலைக்குப் போகட்டும். இல்லாட்டி நாளைக்குக் காலையில புள்ளக்காம்பரா." பாக்கத் தோட்டமே வந்துருச்சு. மருமவ சாந்தி, இடுப்புல ரெண்டு கொழந்தைங்களோட ஓரமா நின்னுச்சு.

மொதல்ல ஒக்கார வச்சோம். லைட் வச்ச ப்ரேம் கண்ணுல. எந்தப் பக்கம் லைட் எரியுதோ அந்தக் கையில இருக்க பொத்தான அமுக்கணும். எரியுது, எரியுது, எரியுது. பொத்தான் ஊம. அக்கா நேரா பாத்துக்கிட்டே இருக்காங்க, அதே மொறப்பு. அப்பறம் பைய தோள்ல மாட்டி களத்துல நடக்க வச்சோம். எண்ண ஊத்துன தரையில நடக்குற மாதிரி ஒவ்வொரு காலா யோசிச்சு யோசிச்சு வைக்கிறாங்க. பொத்தான் ரெண்டு தரம் அமுங்குச்சு, ரெண்டும் தப்புக் கை. சின்ன தொரை மணிக்கூட்டப் பாத்துட்டு, "போதும் தானே?"ன்னாரு. அக்கா என்னப் பாத்த பார்வையில, சீட்டு எழுதுன என் கையி சுட்டுச்சு.

"மேடம், இவங்க இப்பிடி நடக்கவே மாட்டாங்க. கூடையில மெஷின வச்சு, கயித்த தலையில மாட்டி, மலைப் பாதையில விடுங்க"ன்னேன். மேடம் தொப்பியில இருந்த வயரத் தொட்டுப் பாத்தாங்க. "முன்னால வயர் எல்லாம் போயிரும்… பரவாயில்ல. பாக்குற எடம் பின்தல. பின்னால உள்ள வயர் எனக்குப் போதும்." கூட ஏறுச்சு, கயிறு ஏறுச்சு. ஆனா அக்கா பாதை அடியில போய் நின்னுட்டாங்க. அத்தன கண்ணும் முதுகுல. காலு எழும்பல.

அப்ப என் கெட்ட பழக்கம் ஒதவிச்சு. ஆளுங்கள மலைக்கு வெரட்டுற முனியாண்டி கங்காணி விடியக்காலையில போடுற சத்தம் இருக்கே, அத அப்பிடியே எடுத்து விட்டேன். "ஏஏய்! எட்டாம் நம்பரு! பொழுது ஏறிருச்சு, ஏறு ஏறு ஏறு!" தொரைக்குப் பக்கத்துல நின்ன நெச முனியாண்டி கங்காணி, தன் வாயத் தானே தொட்டுப் பாத்துக்கிட்டாரு. வேடிக்க பாக்க வந்த நாலு பொம்பளைங்க மலைய நோக்கி நடந்தே போயிட்டாங்க. செவனம்மா அக்காவும் போயிட்டாங்க. யோசிக்கறதுக்கு முந்தியே காலு கெளம்பிருச்சு.

இடது பக்க லைட். டிக். வலது பக்கம். டிக். இடது, இடது, வலது. டிக், டிக், டிக். கண்ணு பாதையில, தல குனிஞ்சு, மேல மேல ஏறுறாங்க. பின்னால திரையோட மூச்சு வாங்க ஓடுற மேடம், "அல அடங்கிருச்சு! பாருங்க, அடங்கிருச்சு!"ன்னு கத்துறாங்க. முன்னாலருந்து திரும்பாமலே சத்தம் வருது, "மேடம், இடது ஓரத்துல அட்டை." சின்ன தொரை தொப்பியக் கழட்டிட்டாரு. எதுக்குன்னு அவருக்கே தெரியல.

கீழ எறங்குனதும் மேடம் நிதானமா சொன்னாங்க: "ஒரு ஆள வச்சு உலகத்துக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒக்காந்து பாத்தா, நடுவுல பாருங்கன்னு நாம சொன்னத அப்பிடியே கேட்டு இவங்க கவனம் நடுவுல மட்டும் நிக்குது. களத்துல, நடையப் பத்தியே கவலப்பட்டாங்க. பழகுன நடையில மூள ஓரத்துக்கும் கதவு தொறக்குது. ஏன், எப்பிடி, அது இன்னும் நான் படிக்கணும். ஆனா இவங்களுக்கு ஓரம் தெரியுது, அத எழுதித் தாரேன்." சின்ன தொரை அதே எடத்துல, ஜீப்பு மூடி மேல வச்சு கையெழுத்து போட்டாரு. செவனம்மா அக்கா அழுதாங்க. அவங்களுக்கு முந்தி சாந்தி அழுதுருச்சு. ரெண்டு கொழந்தையையும் யாரு கையிலயோ திணிச்சுட்டு வந்து மேடம் கையப் பிடிச்சுக்கிச்சு:

"நல்ல வேள மேடம்! எங்க மாமிய நான் வேல வாங்கியிருந்தா, ஒரு வாரத்துல நான்தான் மல ஏறியிருப்பேன்!"

கடைசியா ஒரு கான்

கத இதோட முடிஞ்சுருச்சுன்னுதானே நெனப்பீங்க. நானும் நெனச்சேன். மறுநாள் சின்ன தொரைகிட்டருந்து கடைக்குப் போன் வருது. "இனி எங்க தோட்டத்துல யாரையும் ஒக்கார வச்சு டெஸ்ட் பண்ணக் கூடாது. மலையில நடக்க வச்சுப் பாருங்க." எனக்குத் தல சுத்துச்சு. ஹாஜியார் மொகத்துல மட்டும் பெருநாள் வெளிச்சம். கதிரைய அன்னிக்கேதான் பின்னறையில போட்டுப் பூட்டிட்டாரே.

அப்ப இருந்து நடக்குறேங்க. பொம்பளைங்க முன்னால கூடையோட ஏற, நான் பக்கத்துல செடிக்கு மேல செடியா தாண்டித் தாண்டி, கையில சிவப்புக் குண்டூசியோட. மொத நாள் செவனம்மா அக்காதான் முன்னால போனாங்க, பழைய நட, பழைய கூட. எனக்கும் மூளையில கதவு தொறந்துருச்சுன்னு ஒரு பெரும. வலது ஓரத்துல குளவி இருக்கான்னு பாக்குறேன், இடது ஓரத்துல அட்டை இருக்கான்னு பாக்குறேன், பின்தல வேல செய்யுதான்னு தடவிப் பாக்குறேன். எல்லா ஓரமும் தெரிஞ்சுச்சு. நேரா முன்னால இருந்த கான் மட்டும் தெரியல. இடுப்பளவு சேத்துல நின்னுக்கிட்டு, ஊசிய மட்டும் மேல தூக்கிப் பிடிச்சிருந்தேன். செவனம்மா அக்கா அப்பவும் திரும்பல. நடந்துக்கிட்டே சொன்னாங்க:

"ஓரத்த நான் பாத்துக்கிறேன் தம்பி, நீங்க முன்னால பாருங்க."

பன்னெண்டு வருசமா ஊர் கண்ணையெல்லாம் ஒக்கார வச்சே சோதிச்சவன், இப்ப மல மலையா ஏறி, கான் கானா விழுந்து, இந்தத் தொழில மறுபடி மொதல்லருந்து கத்துக்கிட்டு இருக்கேன்.